ஒட்டிக்கிடந்த இரண்டு பக்கங்கள்

9 நவம்பர் 1983, புதன்

காலையிலிருந்து தூறல். ஏரி தெரியவில்லை. மூன்றாவது நாளாகத் துணி காயவில்லை. ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டு முப்பத்திரண்டு. திருத்தியது பதினொன்று.

மதியம் சேலம் பஸ்ஸில் வத்சலா வந்து இறங்கினாள். ஒரு பெட்டி, ஒரு தமிழ்த் தட்டச்சு இயந்திரம், மாஸ்கோவில் வாங்கிய ரோமத் தொப்பி. தொப்பி தலையில். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் போட்டிருந்தாள்.

கல்லூரியில் ஒரே பெஞ்சு நாங்கள். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கவிதைப் போட்டியில் அவள் முதல் பரிசு, நான் இரண்டாவது. அதன்பிறகு அவள் சென்னையில் ருஷ்ய மொழி படித்து, மொழிபெயர்ப்பாளராகி, இரண்டு முறை மாஸ்கோ போய்வந்தாள். நான் எம்.ஏ., பி.எட்., ஏற்காடு.

வந்த காரணம்: ஒரு பஷ்கீர் கவிஞரின் நாடகம். 'தேன்மரம்' என்று பெயர் வைத்திருக்கிறாள். ருஷ்ய மொழி வழியாகத் தமிழுக்கு. முதல் வரைவு தயார். திருத்தி, தட்டச்சு செய்து, அடுத்த வெள்ளிக்கிழமை சென்னை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும்.

"மெட்ராஸ்ல உக்கார முடியலடி. போன், ஆளுங்க, கூட்டம். உங்க ஊர்லதான் ஒண்ணுமே நடக்காதே."

ஆமாம். ஒன்றும் நடக்காது.

பஷ்கீர் எங்கே என்று பள்ளி அட்லஸில் தேடினேன். பெயர் இல்லை. யூரல் மலை இருக்கிறது. அதன் அடிவாரமாம்.

இவர் எஸ்டேட் ஆபீஸிலிருந்து வரும்போது ஒரு பை ஆரஞ்சு. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

10 நவம்பர், வியாழன்

மழை இல்லை. மூடுபனி மட்டும்.

கவிஞர் பெயர் யமில். ஊரில் எல்லோரும் 'யமில் ஆகாய்' என்பார்களாம். ஆகாய் என்றால் வயதில் மூத்த ஆண். வ. 'யமில் ஐயா' என்று எழுதியிருந்தாள். 'அண்ணா' என்று போடு, ஐயா என்றால் தாசில்தார் மாதிரி இருக்கிறது என்றேன். சிரித்தாள். அடித்துவிட்டு அண்ணா என்று எழுதினாள். எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். அது எனக்கே பிடிக்கவில்லை.

அவர் வாழ்க்கை, வ. சொன்னபடி:

காட்டுத் தேன் எடுக்கும் குடும்பம். பைன் மரத்தில் உயரத்தில் பொந்து குடைந்து தேனீக்களைக் குடிவைப்பார்கள். அப்பா போரிலிருந்து திரும்பவில்லை. யமிலும் போருக்குப் போய் நெஞ்சில் காயம், பிறகு க்ஷயம். மலையடிவாரத்தில் ஒரு சானடோரியம். அங்கே மருந்து, புளிக்கவைத்த குதிரைப்பால். (வ. 'குதிரை மோர்' என்று எழுதியிருந்தாள். அதையும் மாற்றினேன்.) மூன்று மாதம் படுக்கை. அந்த மூன்று மாதத்தில் முதல் நாடகம். பிறகு நகரத்து நாடக மன்றம், ஏழு நாடகங்கள், நாலு கவிதைத் தொகுப்பு, விருதுகள்.

மூன்று மாதம். யாரும் சமைக்கச் சொல்லாத, நோட்டுத் திருத்தச் சொல்லாத மூன்று மாதம். காலையில் ஒருத்தி குதிரைப்பால் கொண்டுவந்து கொடுப்பாள். ஜன்னலுக்கு வெளியே பைன் மரம். க்ஷயம் வந்த மனிதனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். இதை யாரிடம் சொல்வது?

மனைவி உண்டா என்று கேட்டேன். "இருந்தாங்க. அவர் எழுதினது எல்லாத்தையும் அவங்கதான் டைப் அடிச்சாங்களாம்." அவ்வளவுதான் செய்தி. பெயர்கூட வ.வுக்குத் தெரியவில்லை.

12 நவம்பர், சனி

நாடகத்தில் மூன்று பாட்டு. வ.வால் உரைநடைதான் முடிகிறது, பாட்டு வரவில்லை. "நீ போடுடி. உனக்குத்தான் சந்தம் கைவரும்" என்றாள். கல்லூரியில் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை.

கதை: மின்சிலு என்ற பெண். புருஷன் போரில் செத்துவிட்டான். அவன் விட்டுப்போனது ஒரு தேன்மரம். கொழுந்தன் ஹாரிஸ் போரிலிருந்து திரும்பி வருகிறான். முதல் அங்கத்தில் அந்த மரத்தில் கோடரியால் தன் அடையாளத்தைச் செதுக்குகிறான். அவள் பார்த்துவிடுகிறாள். இரண்டு அங்கம் யாரிடமும் வாயே திறப்பதில்லை. ஊரே பேசுகிறது, அவள் பேசுவதில்லை. மூன்றாம் அங்கத்தில் கோடரி எடுத்து அந்த அடையாளத்தை வெட்டி எறிகிறாள். திரை.

"அவன் காதலச் சொல்றான்டி, மரத்துல எழுதி. இங்க ஏரிப் பூங்காவுல பாத்தேனே, மரத்துக்கு மரம் ரமேஷ், கீதா, நடுவுல ஒரு அம்பு. அதே மாதிரி. அவளுக்கும் உள்ள ஆசை. வெக்கம். கடைசில செத்தவன் நெனப்பு ஜெயிச்சுடுது. காவியம்!"

இரண்டாம் அங்கத்துப் பாட்டு, மின்சிலு மரத்தடியில் பாடுவது. நாள் முழுக்க உட்கார்ந்தேன். குழம்பு அடிப்பிடித்தது. எழுதியது:

ஆடும் மரமே அசையாதே
அவன் எழுதியது உதிர்ந்துவிடும்

இன்னும் எட்டு வரி. வ. சத்தமாகப் படித்தாள். இவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டுக் கேட்டார். "நொம்ப நல்லாருக்குதுங்க வத்சலா" என்றார். நான் எழுதியது என்று வ. சொன்னாள். "அப்படியா" என்று என்னைப் பார்த்தார். ஏதோ சில்லறை கீழே விழுந்ததைக் கேட்டு அது நம்முடையதா என்று பார்ப்பதுபோல. பதினெட்டு வருடத்தில் என் நோட்டை ஒருமுறை கேட்டதில்லை.

13 நவம்பர், ஞாயிறு

வேலைக்கு வரும் பாப்பா பாத்திரம் கழுவும்போது என் பாட்டை முணுமுணுக்கிறாள். கொட்டச்சேட்டிலிருந்து தினம் வருகிறவள். வ. படிப்பதைக் கேட்டுக் கேட்டு வந்துவிட்டது.

"ஏனுங்கம்மா, அந்தப் பொம்பள ஊட்டுக்காரன் செத்து எத்தன நாளாச்சுங்?"

இரண்டு வருடம் என்றேன்.

"ரெண்டு வருசத்துல கொழுந்தன் மேல ஆசையா? அப்பறம் ஏனுங் மரத்த வெட்டுறா, பேசாம கட்டிக்கலாமுல்ல?"

வ. விழுந்து விழுந்து சிரித்தாள். "விமர்சகர் வந்துட்டாங்க!" என்றாள்.

மாலை முகவுரையைத் தட்டச்சு செய்தாள். குளிக்கப் போனபோது தாள் இயந்திரத்திலேயே இருந்தது. படித்தேன். படித்திருக்கக் கூடாது. கடைசி வரி: 'பாடல்களைச் செப்பனிட உதவிய தோழிக்கு நன்றி.'

செப்பனிட. உதவிய. தோழிக்கு.

பெயர் இல்லை. யமிலின் மனைவிக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

இரவுக்கு அவளுக்குப் பிடிக்குமே என்று வைத்திருந்த பச்சைப் பட்டாணியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு ரவை உப்புமா செய்தேன்.

14 நவம்பர், திங்கள்

பள்ளியில் குழந்தைகள் தினம். பேச்சுப்போட்டி, மிட்டாய். மதியமே விட்டுவிட்டார்கள்.

வ. ஏரிப் பக்கம் நடக்கப் போயிருந்தாள், தொப்பியோடு. அவள் மேஜையில் ஒரு ஆங்கிலப் பத்திரிகை. சோவியத் பத்திரிகை, வழவழப்புத் தாள். யமிலைப் பற்றிய கட்டுரை அதில்தான். இங்கே வந்த மறுநாள் வாழ்க்கைக் குறிப்பை அதைப் படித்துத்தான் எடுத்தாள். புரட்டினேன். நடுவே இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த ஊர் ஈரத்துக்கு வழவழப்புத் தாள் இப்படித்தான், ஒரே இரவில் பசை போட்டமாதிரி ஆகிவிடும். வ.வுக்கு இது தெரியாது. ஒரே பக்கம் என்று நினைத்துத் தள்ளியிருக்கிறாள்.

கும்முட்டி அடுப்பின் மேல் கொஞ்ச நேரம் காட்டி, கத்தியின் முதுகுப்பக்கத்தால் மெல்லப் பிரித்தேன். ஓரம் கொஞ்சம் உரிந்தது.

உள்ளே ஒரு படம். பெரிய பைன் மரம், பட்டையில் கோடரியால் வெட்டிய மூன்று கோடு. கீழே எழுதியிருந்தது: ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அடையாளம் உண்டு. அந்த அடையாளம் வெட்டப்பட்ட தேன்மரம் அந்தக் குடும்பத்தின் சொத்து. தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். இன்னொருவன் அடையாளத்தின்மேல் தன் அடையாளத்தை வெட்டுவதைவிடப் பெரிய திருட்டு அவர்களிடம் இல்லை. யமிலின் அப்பா போரில் இறந்ததும் அவர்கள் மரத்திலேயே ஒரு சொந்தக்காரன் அப்படிச் செய்தான். அம்மா இரண்டு வருடம் யாரிடமும் பேசவில்லை. அதுதான் நாடகம்.

இரண்டு முறை படித்தேன்.

ஹாரிஸ் காதலன் இல்லை, திருடன். மின்சிலுவின் மௌனம் வெட்கம் இல்லை. பாப்பா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

ருஷ்ய மூலத்தில் விளக்கம் இல்லை. அங்கே படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். வ. ஏரிப் பூங்கா மரத்தைப் பார்த்து மூன்று அங்கத்தையும் தலைகீழாக்கிவிட்டாள். நானும் சேர்ந்து ஒரு வெட்கப் பாட்டு எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

வாசலில் செருப்புச் சத்தம். பத்திரிகையை எடுத்து என் புடவை அலமாரியில் வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன்?

ஏன் என்று தெரியும்.

15 நவம்பர், செவ்வாய்

சொல்லவில்லை.

வ. முதல் அங்கம் தட்டச்சு முடித்தாள். "மாஸ்கோல தமிழ் தெரிஞ்ச ருஷ்யர் ஒருத்தர் இருக்கார்டி. வரிவரியா ஒப்பிட்டுப் பார்ப்பார். இது அவருக்குப் பிடிச்சா, அடுத்த வருஷம் மூணு மாசம் அங்க கூப்பிடுவாங்க."

மூன்று மாதம். இவளுக்கும்.

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் எழுதுவதைக் கற்பனை செய்தேன். நன்றாகவே தெரிந்தது. அவர் சட்டைப் பித்தான்கூடத் தெரிந்தது. இப்படிக் கற்பனை செய்யத் தெரிந்தவள் நாடகம் எழுதியிருக்கலாம்.

மதியம் இவர் சாப்பிட வந்தார். வ. ஏதோ சொல்ல, பேச்சு எஸ்டேட் மரத்துக்குப் போனது. சில்வர் ஓக் மரத்துக்கு எல்லாம் எதுக்கு நம்பர் போட்டிருக்கு என்று கேட்டாள்.

"யாரு மரம்னு தெரியணுமில்லீங்க. போன வருசம் நாகலூர்ப் பக்கம் ஒருத்தன் பக்கத்து எஸ்டேட் மரத்து நம்பரச் சொரண்டிட்டு அவன் நம்பரப் போட்டுட்டானுங்க. அருவா தூக்கிட்டாங்க. மரத்துல கை வெக்கறதும் ஒண்ணுதான், மடியில கை வெக்கறதும் ஒண்ணுதான்."

கையில் சாதத்தோடு அப்படியே இருந்தேன். சொல்லியே விட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

வ. "அப்பளம் இன்னொண்ணு குடுடி" என்றாள்.

கொடுத்தேன்.

16 நவம்பர், புதன்

மழை. பள்ளியில் மூன்றாவது பீரியட் மின்சாரம் போனது. எட்டாம் வகுப்புக்கு இருட்டில் திருக்குறள்.

வாங்க வேண்டியது: கார்பன் தாள், ரிப்பன், மிளகு, விக்ஸ் (வ. தும்முகிறாள்).

ஜமால் பாய் கடை. பாய் சேலத்துக்காரர், பதினைந்து வருடமாகக் கடைத்தெருவில் பேனா, நோட்டு, டார்ச் செல் எல்லாம் வைத்திருக்கிறார். ரிப்பன் எடுத்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங் டீச்சர், உங்க ஊட்டுல தொப்பி போட்ட ரஷ்யாக்காரம்மா வந்திருக்காங்களாமே?"

தமிழ்தான், மெட்ராஸ் என்றேன். நாடகத்தைப் பற்றிச் சொன்னேன். பஷ்கீர்கள் முஸ்லிம்கள் என்றதும் பாய் கையில் ரிப்பனோடு நின்றுவிட்டார்.

"அவ்வளவு குளுருல நம்மாளுங்களா! பேரு என்னங்க?"

"ஒருத்தன் பேர் ஹாரிஸ்."

"அட, எங்க மச்சான் பேரு! நல்லவனுங்களா?"

கடையில் வேறு யாரும் இல்லை. உண்மைக் கதையை முழுக்கச் சொன்னேன். அடையாளம், மரம், அண்ணன், அண்ணி, இரண்டு வருட மௌனம். நன்றாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். பாய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணன் மவுத்தாயிட்டான்னா அண்ணிக்கு இவனில்லீங்களா காவல் இருக்கணும்? அவனே கை வெச்சுட்டானா?" ரிப்பனைத் தாளில் சுற்றிக்கொண்டே, "அந்தம்மா ஏனுங் ரெண்டு வருசம் சும்மா இருந்துச்சு?"

"கோபத்துலதான்."

"நம்மளால அதெல்லாம் முடியாதுங். அன்னிக்கே கத்திருவோம்" என்றார்.

கார்பன் தாளை மழைக்கு மடியில் பொதிந்துகொண்டு வந்தேன். நாடகத்தின் உண்மையை வ.விடம் சொல்லாமல் ஸ்டேஷனரி கடையில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

17 நவம்பர், வியாழன்

மூன்று அங்கமும் முடிந்தது. நூற்றுப் பதினான்கு பக்கம்.

மாலை வ. மூக்கை உறிஞ்சிக்கொண்டே கூப்பிட்டாள். முதல் பக்கத்தை நீட்டினாள். தலைப்பு, கவிஞர் பெயர், அதன்கீழ்:

தமிழாக்கம்: வத்சலா
பாடல்கள்: ராஜலட்சுமி

"போன வாரமே மெட்ராஸ் ஆபீசுக்கு எழுதிக் கேட்டிருந்தேன்டி. முதல் பக்கத்துல ரெண்டு பேர் போடறதுன்னா அவங்க சம்மதிக்கணும். முடியாதுன்னுட்டா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு சொல்லல. இன்னிக்குத் தபால்ல சரின்னு வந்துடுச்சு. முகவுரைல அந்தத் தோழி கீழியெல்லாம் தூக்கிட்டேன்."

என் பெயர். தட்டச்சு எழுத்தில். 'ட்' மட்டும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது.

தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அதை சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள். "இந்த மூஞ்சியப் பாக்கத்தான் இத்தன நாள் வாய மூடிட்டு இருந்தேன்" என்று தோளில் தட்டினாள்.

இப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். சொன்னால், என்றைக்குத் தெரியும் என்று கேட்பாள். அதற்கு பயம். பொறாமை போய்விட்டது என்றும் சொல்லமுடியாது. எனக்கு முன்னால் அவள் நல்லவளாகவும் ஆகிவிட்டாளே என்று இன்னொரு பொறாமை வந்திருக்கிறது.

18 நவம்பர், வெள்ளி

வ.வுக்குக் காய்ச்சல். பார்சலை நானே கொண்டுபோகிறேன் என்றேன். அரைநாள் லீவு. தபால் ஆபீசில் மூன்று மணிக்குப் பை கட்டிவிடுவார்கள்.

இரண்டேகால். முன்னால் ஓர் எஸ்டேட் ரைட்டர், ஒரு கட்டுக் கவரோடு. என் முறை வந்தது. கிளார்க் பார்சலை வாங்கி எடைத் தட்டில் வைத்தார்.

"உள்ள என்னங் டீச்சர்?"

"நாடகம்."

"நீங்க எழுதுனதுங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உதவி செய்தேன் என்று சொல்லலாம். பாட்டு மட்டும் என்று சொல்லலாம். தட்டில் அந்தப் பொட்டலம் இருந்தது. உள்ளே ஒரு பெண் புருஷன் மரத்தைப் பறிகொடுத்துவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறாள், நான் எழுதிக்கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டு.

"திருப்பிக் குடுங்க" என்றேன்.

"ஏனுங், முகவரி தப்புங்களா?"

வீட்டுக்கு வந்தபோது வ. போர்வைக்குள் ரசம் குடித்துக்கொண்டிருந்தாள். பார்சலைப் பார்த்தாள். "மூடிட்டானா?"

அலமாரியிலிருந்து பத்திரிகையை எடுத்துப் பக்கத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். படித்தாள். ஆங்கிலம் அவளுக்கு என்னைவிட வேகம். இரண்டாம் முறை படிக்கும்போது உரிந்த ஓரத்தை விரலால் தடவினாள்.

"கடவுளே. மொத்தமும் தப்பு."

"ஆமா."

"நல்லவேளை இன்னிக்காவது பாத்தியே."

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். அவளே கதவைத் திறந்துவிட்டாள். தலையாட்டினால் போதும்.

"இன்னிக்கு இல்ல."

"என்னிக்கு?"

"திங்கக்கிழமை."

டம்ளரைக் கீழே வைத்தாள். நிதானமாக வைத்தாள், சத்தமே வரவில்லை.

"செவ்வாக்கிழமை உன் வீட்டுக்காரர் அந்த மரத்துக் கதை சொன்னப்ப?"

"தெரியும்."

"நேத்து உன் பேரைக் காட்டினப்ப?"

"தெரியும் வத்சலா."

"ஏன்டி?"

தோழிக்கு நன்றி என்று போட்டிருந்தாயே என்றேன். சொல்லும்போதே கேவலமாக இருந்தது. அது போதாது என்று மாஸ்கோ என்றேன், தொப்பி என்றேன், ஆரஞ்சு என்றேன். ஆரஞ்சு என்றதும் அவளுக்குப் புரியவேயில்லை. "எந்த ஆரஞ்சு?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நானே திரும்பத் தபால் ஆபீஸ் போய் சென்னைக்குத் தந்தி கொடுத்தேன். ஒரு வாரம் தாமதம், வத்சலா. நாலு வார்த்தை அடிக்க ஐந்து நிமிடம்.

19 நவம்பர், சனி

வெயில். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு. துணியெல்லாம் வெளியே.

காய்ச்சல் இறங்கவில்லை. ஆனால் காலை ஆறரைக்கே தட்டச்சுச் சத்தம். முதல் அங்கத்திலிருந்து. என்னோடு பேசவில்லை. காபி வைத்தேன், குடித்தாள். பத்திரிகை அவள் இடதுபக்கம் திறந்தபடி.

இவர் சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டே கேட்டார். "ரெண்டு பேருக்கும் சண்டையா?"

நான் வாய் திறக்குமுன் வ. சொன்னாள்: "சண்டையெல்லாம் இல்லீங்க. நான் ஒரு இடத்துல தப்புப் பண்ணிட்டேன். இவ பாத்துச் சொன்னா."

அவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் முதல் முறை. இப்படியா வரவேண்டும் அது?

அந்த வெட்கப் பாட்டைக் கிழித்துப்போட்டேன். கூடத்தில் உட்கார்ந்து புதிதாக எழுதுகிறேன். கோபத்தில் இரண்டு வருடம் வாய்திறக்காதவள் எப்படிப் பாடுவாள் என்று தெரியவில்லை. பாடமாட்டாள். ஆனால் மூலத்தில் பாட்டு இருக்கிறது. யமில் அண்ணா தன் அம்மாவைப் பாடவைத்திருக்கிறார். பேசாதவள் மரத்திடம் மட்டும் பேசுகிறாள்போல. ஒரு வரி வந்தது: என்னவர் வெட்டிய கோட்டின்மேல் எவன் கை இது. இரண்டாவது வரி வரவில்லை.

பதினோரு மணிக்கு உள்ளே போய், "முதல் பக்கத்துல என் பேரை எடுத்துடு" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது, காய்ச்சலோ என்னவோ.

"எடுத்துட்டா உனக்கு நிம்மதியாயிடும் இல்ல? அதெல்லாம் கிடையாது. இருக்கும். புத்தகம் வர்றப்ப ரெண்டு பேரும் ஒரே பக்கத்துல இருப்போம். நீ பாத்துட்டே இரு."

வந்துவிட்டேன். அதிலிருந்து அரைமணியாக இதை எழுதுகிறேன். தட்டச்சுச் சத்தம் நின்றிருக்கிறது. தாள் மாற்றுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. "பாட்டு என்னாச்சு?" என்கிறாள் உள்ளேயிருந்து. ஒரு வரிதான் ஆகியிருக்கிறது. அதைக் கொண்டுபோகிறேன்.